எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்

கணக்கு டீச்சர் வெளிநாட்டுக்குப் போய் ஒரு வருடம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தப்போவதாகச் சொன்னபோது அவளுடைய அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் போட்டதை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். மின்வாரியத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் பதற்றம் கிடையாது.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?"

"யாரையும் கேக்கலண்ணா. விசா வந்தாச்சு."

"அப்ப எங்களை ஒரு பொருட்டா நினைக்கல."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே. அதான் கேக்கல."

டீச்சருக்கு வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதைப் பற்றி யோசிக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி. முதலில் அம்மா படுத்த படுக்கையானாள். அம்மா போன பிறகு அப்பாவுக்குக் கண் போனது. அப்பாவும் போன பிறகு அண்ணன் மகளின் படிப்பு, அவளுடைய பரீட்சை, அவளுடைய கல்யாணம். அண்ணன் கெட்டவர் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் "என் தங்கச்சி எங்களுக்காகவே வாழ்ந்தவ" என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழ்ந்தவளாமே! எதிரில் குத்துக்கல் மாதிரி நிற்கிறவளைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது?

இப்போது அண்ணன் மகள் பிள்ளைத்தாச்சி. பிரசவத்துக்குக் கூட இருப்பதும், அப்புறம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அத்தைதான் என்று வீட்டில் பேசாமலே முடிவாகியிருந்தது. அண்ணிக்கு முட்டி வலி. மகளுக்கோ வேலை. முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்ட அத்தைக்குத்தான் நேரம் கொட்டிக்கிடக்கிறதே. "இதுக்காகத்தானே அவ வேலையை விட்டா" என்று அண்ணன் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வேலையை விட்டது அதற்காக இல்லை. கணக்கு வாத்தியாரே கிடைக்காத தூரத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மனுப் போட்டுவிட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் விட்டாள்.

"வாயும் வயிறுமா இருக்கறவளை விட்டுட்டுப் போறியே, மனசாட்சி இருக்கா உனக்கு?"

"அவளுக்குப் புருஷன் இருக்கான், அம்மா இருக்காங்க. நீயும் ரிடயர் ஆகி சும்மாத்தானே உக்காந்திருக்கே?"

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அண்ணி பயத்தில் போட்டாளா, சிரிப்பை மறைக்கப் போட்டாளா தெரியவில்லை.

"போறதுன்னா போ. போனவ போனவளாவே இருந்துடு. ஒரு போன் வரக்கூடாது" என்றார் அண்ணன்.

"போன் நான் பண்ணத்தான் பண்ணுவேன். எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம்."

விமானம் மாறுவதற்காக நடுவில் இறங்கிய இடத்தில் அவள் போனைத் திறந்து பார்த்தாள். குடும்பக் குரூப்பில் அண்ணனின் செய்தி வந்திருந்தது. 'பெரியவர்கள் சொல்லை மீறிச் சென்றவர் திரும்பி வரும்வரை அவருடன் யாரும் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டாம். இம்முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும்.' அலுவலகச் சுற்றறிக்கையேதான், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குக் கீழே சித்தப்பா மகன் கும்பிடும் கை ஒன்றைப் போட்டிருந்தான். அதற்கும் கீழே, அவள் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டாள் என்ற ஒரு வரி.

அந்தக் குரூப்பில் அண்ணனை அட்மின் ஆக்கியதே அவள்தான். அண்ணனுக்குப் போனில் எழுத்து அடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். வெளுத்த விளக்குகளுக்குக் கீழே, பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிற முகம் தெரியாத ஜனங்களுக்கு நடுவில், அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஓகோ, அப்படியா சேதி?" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடம் ஒரு சரிவில் நீளமாகக் கிடந்த தகரக் கொட்டகை. மூன்று வகுப்புகளுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் அவள் பின்னம் நடத்தினால் அந்தப் பக்கம் யாரோ கடல்களின் பெயரை ஒப்பிப்பார்கள். மழை பிடித்தால் இரண்டுமே கேட்காது; வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பலகையில் எழுதிப் போட வேண்டும். அவளுக்கு முன்னால் வந்த கணக்கு ஆசிரியர் பாதி வருடத்தில் ஓடிவிட்டாராம். அதற்கு முன்னால் வந்தவர் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லையாம். இதையெல்லாம் தலைமையாசிரியை, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, ஒளிக்காமல் சொன்னாள். "நீங்க எப்பக் கிளம்புவீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டா நல்லது. அதுக்கேத்த மாதிரி பாடத்தைப் பிரிச்சுக்குவோம்."

"நான் பெட்டியைப் பிரிச்சுட்டேன்" என்றாள் டீச்சர்.

அந்த ஊர் மொழியை அவள் தட்டுத் தடுமாறித்தான் பேசினாள். 'வகுத்தல்' என்று நினைத்துக்கொண்டு அவள் சொன்ன சொல்லுக்கு 'வாந்தி' என்று அர்த்தமாம். வகுப்பு பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். "சரி, இந்த எண்ணை மூணால வாந்தி எடுங்க பார்ப்போம்" என்றாள். அன்றிலிருந்து அந்த வகுப்பு அவள் கைக்குள் வந்தது.

பள்ளிக்குப் பின்னால் ஒரே அறை. அதில் அவளும் இன்னொரு தன்னார்வலரும். அந்தப் பெண் வேறொரு நாட்டில் நர்ஸாக இருந்தவள். முதலுதவியும் சுகாதாரமும் கற்றுக்கொடுக்க வந்திருந்தாள். நர்ஸுக்கு ஒரு மகன். தினமும் கூப்பிடுவான். அம்மா என்ன சாப்பிட்டாள் என்று தட்டைக் காட்டச் சொல்வான். அறைக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் ஏறும் இரும்புப் படிகளில் பாதிக்கு மேல் போனால்தான் கிடைக்கும். நர்ஸ் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் போனுமாக ஏறுவதை டீச்சர் கீழே நின்று பார்ப்பாள். பொறாமையாக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் ஏறினாள். அண்ணனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அண்ணன் மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சரி என்று கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து, குரல் பதிவு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"அண்ணா, நான்தான். பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். நீ கேக்க மாட்டே, அதனால நானே சொல்லிடறேன். என் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. எதைக் கேட்டாலும் 'முடியாது'ன்னு மட்டும்தான் சொல்லுவா. பேரே 'முடியாது'ன்னு வச்சிருக்காங்க. பார்த்த உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு. அவளை வழிக்குக் கொண்டு வந்துட்டா உன்னையும் கொண்டு வந்துடலாம்னு ஒரு நம்பிக்கை. வைக்கறேன்."

அண்ணிக்கு ஒன்று: முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா, இல்லை வழக்கம்போல எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தனக்கு மறந்துவிட்டாளா என்று. அண்ணன் மகளுக்கு ஒன்று: கால் வீங்கினால் தலையணை வைத்துத் தூக்கி வை, உன் அப்பா சொல்லும் எல்லா வைத்தியத்தையும் கேட்காதே என்று.

பதில் இல்லை. அடுத்த ஞாயிறும் ஏறினாள், அதற்கடுத்த ஞாயிறும் ஏறினாள். ஆனால் ஒன்று கவனித்தாள். அவள் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாகிக்கொண்டிருந்தன. கேட்கிறார்கள்! வாயைத்தான் பூட்டியிருக்கிறார்கள், காதைப் பூட்டவில்லை.

நர்ஸுக்கு இது புரியவில்லை. "பதிலே சொல்லாதவங்ககிட்ட வாரா வாரம் எதுக்குத் தொண்டை கிழியப் பேசறீங்க? எனக்கா இருந்தா ரோஷம் வந்துடும்."

"ரோஷம் இருக்கறதாலதான் பேசறேன். பேசக்கூடாதுன்னு எங்க அண்ணன் ஆர்டர் போட்டிருக்கார். நானும் பேசாம இருந்துட்டா அந்த ஆர்டர் ஜெயிச்ச மாதிரி ஆயிடும் இல்ல? அப்புறம், நான் வாத்தியார். கடைசி பெஞ்சுக்காரங்க பதில் சொல்ல மாட்டாங்கன்னு பாடத்தை நிறுத்தவா முடியும்?"

ஒரு நாள் பள்ளியில் மின்சாரம் போயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து ஒழுங்காக ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு டீச்சர் அண்ணனுக்கு வேண்டுமென்றே ஒரு பொய் அனுப்பினாள். "ஃபியூஸ் போயிடுச்சுண்ணா. நானே ஒரு பழைய கம்பியை முறுக்கி உள்ள சொருகிட்டேன். ஜம்முனு எரியுது. இதுக்குப் போய் உங்க ஆபீஸ்ல அத்தனை பேரா?"

டிக் நீலமானது. அடுத்த நொடி அண்ணன் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. வந்தது, போனது, மறுபடி வந்தது. உலகத்திலுள்ள வசவெல்லாம் அந்தச் சின்ன வார்த்தைக்குப் பின்னால் வரிசையில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் ஒன்றுமே வராமல் அணைந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் இரும்புப் படி அதிர்ந்தது. கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் "விழுந்துடாதீங்க!" என்று கத்தினாள்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. பிரசவ நாள் நெருங்க நெருங்க, டீச்சர் தினமும் தொட்டிப் படி ஏற ஆரம்பித்தாள். 'எப்படி இருக்கே? ஒரு வார்த்தை போடு, போதும்' என்று அண்ணன் மகளுக்கு எழுதினாள். நீல டிக் மட்டும் வந்தது. சின்ன வயதில் இவள் மடியில் உட்கார்ந்துதான் அவள் எண்ணவே கற்றுக்கொண்டாள். விரல் போதாதபோது அத்தையின் விரல்களையும் சேர்த்து எண்ணுவாள்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், படியேறிப் போனைத் திறந்தபோது அண்ணன் மகளின் படம் மாறியிருந்தது. கல்யாணப் படம் போய், அந்த இடத்தில் ஒரு குட்டிக் கை. சுருட்டிய விரல்களுக்குள் யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டிருந்தது.

ஆணா பெண்ணா தெரியாது. என்றைக்குப் பிறந்தது தெரியாது. தாய்க்கு எப்படி இருக்கிறது தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும்படி மாட்டிவைத்த படத்தை, ஊரில் ஒருத்தியைப் போல அவளும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அன்று பிற்பகல் பலகையில் அவள் போட்ட கணக்கு தப்பாக முடிந்தது. திரும்பத் திரும்பத் தப்பு. 'முடியாது' எழுந்து நின்று, "இன்னைக்கு உங்களால முடியாது, உக்காருங்க" என்றாள். கிண்டல் இல்லை, பெரிய மனுஷி தோரணை. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய், விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறையில் கிழிந்த பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. அது அண்ணன் மேல் மட்டும் இல்லை. கேட்டுக்கொண்டே வாயை மூடியிருந்த எல்லார் மேலும்தான்.

"சரி. போனை எடுக்க மாட்டீங்க. நான் நேரா வீட்டுக்குள்ளயே வரேன்" என்று எழுந்தாள்.

அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் ஒரு தையல்கார அக்கா இருந்தாள். வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற வருகிற எல்லாரையும் அளவெடுப்பவள். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். வாய் கத்திரிக்கோலைவிடக் கூர்மை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவளைக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா! எப்படி இருக்கீங்க? பேத்தி பொறந்த சந்தோஷத்துல எங்களையெல்லாம் மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

"பொண்ணா?"

"ஏன், தெரியாதா?"

"நீங்க சொல்லித்தான் தெரியும்."

மெஷின் நின்றது. டீச்சர் நடந்ததைச் சொன்னாள். தையல்கார அக்கா உச்சுக் கொட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "இப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றாள்.

"என்னைத் தூக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போகணும்."

"வீடியோவைப் போடுங்க."

திரையில் முதலில் தையல்கார அக்காவின் முகவாய் தெரிந்தது. பிறகு தெரு குலுங்கியது. அண்ணன் வீட்டு இரும்புக் கேட், அதில் புதிதாக அடித்த பச்சைப் பெயின்ட், வாசலில் நிறையச் செருப்புகள். குழந்தையைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். டீச்சர் துடைத்துப் பெருக்கிய வீடு, யாரோ முன்பின் தெரியாதவர் வீடு மாதிரி ஆடி ஆடி வந்தது.

"வாங்க வாங்க" என்றது அண்ணன் குரல். "குழந்தையைப் பாக்க வந்தீங்களா?"

"நான் நேத்தே பாத்துட்டேன் சார். இன்னைக்கு வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்காங்க" என்று சொல்லி, அக்கா போனைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பினாள்.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். கையில் டீ டம்ளர்.

"அதை அணைங்க."

"இது என் போன் சார். உங்க ஆபீஸ் மெயின் ஸ்விட்சா, நீங்க சொன்னதும் அணைக்கறதுக்கு?"

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள். டீச்சர் பேசினாள். நடுங்கும் என்று பயந்த குரல் நடுங்கவில்லை.

"அண்ணா, நான் சண்டை போட வரல. எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். நான் இல்லைங்கறது உனக்கு வருத்தமா, நான் செய்யற வேலைக்கு ஆள் இல்லைங்கறது வருத்தமா?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் இருந்தது என்பது அந்தச் சின்னத் திரையிலும் தெரிந்தது. டீச்சருக்கு அடிபட்ட மாதிரி இருந்தது; கூடவே ஒரு தெளிவும் வந்தது.

"இல்லண்ணா. ரொம்ப வருஷமா ஒண்ணா ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. நான் இப்பத்தான் பிரிச்சிருக்கேன். வேலைக்கு ஆள் வேணும்னா தேடிக்கோ, கிடைப்பாங்க. தங்கச்சி வேணும்னா, இதோ இருக்கேன், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் படியேறி வந்து கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைக் குரூப்லேர்ந்து எடுக்கலாம். இந்த வீட்டுலேர்ந்து எடுக்க முடியாது. அதுக்கு உனக்கு மட்டும் இல்ல, யாருக்கும் அதிகாரம் கிடையாது."

படம் உறைந்துபோனது. அண்ணனின் கை பாதி தூக்கியபடி அப்படியே நின்றது. குரல் மட்டும் வந்தது. யாரோ "விடுங்களேன், நல்ல நாள்ல எதுக்கு" என்றார்கள். அப்புறம், டீச்சர் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத குரல்.

"போனை இப்படிக் குடுங்க."

அண்ணி. புகுந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறந்திராத அண்ணி.

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணன்.

"நீங்க பேச வேண்டாம். நான் பேசிக்கறேன்."

படம் திரும்பி வந்தபோது அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டிலில் அண்ணன் மகள். அவள் பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஒரு சிவந்த முகம், உலகத்தின் மேல் புகார் சொல்வது மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. டீச்சர் திரையை மூக்குவரை கொண்டுபோனாள்.

"அத்தை..." என்று அண்ணன் மகள் அழ ஆரம்பித்தாள். "அப்பா சொன்னாருன்னு... நான் எவ்வளவோ தடவை டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சேன் அத்தை."

"உனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன், எதிர்த்துப் பேசச் சொல்லிக் குடுக்கல. அது என் தப்புதான். அழாதே, பச்சை உடம்பு."

"உங்க மெசேஜெல்லாம் சமையலறையில ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்போம் அத்தை. அம்மா வேலையெல்லாம் முடிச்சுட்டுக் காத்துக்கிட்டிருப்பாங்க. அந்த நேரம் பாத்து அப்பா டிவி சத்தத்தைக் குறைச்சுடுவாரு."

"கேட்டுட்டு கம்முனு இருந்தீங்களா?" டீச்சருக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. "நான் என்ன ரேடியோவா? பேசினா கேட்டுட்டு அணைச்சுட்டுப் போறதுக்கு? எனக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை வயிறு எரிஞ்சிருக்கும்? அண்ணி, நீங்ககூடவா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்கூடத்தான். இனிமே இருக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்தாள். மறுநாளே அண்ணி புதிதாக ஒரு குரூப் ஆரம்பித்தாள். அதற்கு 'பேசறவங்க' என்று பெயர் வைத்தாள். அதில் அவள், மகள், மாப்பிள்ளை, டீச்சர், ஏன், தையல்கார அக்காவும் இருந்தாள். மெல்ல மெல்ல எல்லா உறவுக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள், கும்பிடும் கை போட்ட சித்தப்பா மகன் உட்பட. பழைய குரூப்பில் அண்ணனும், எப்போதோ தவறுதலாகச் சேர்த்த தண்ணீர் கேன்காரரும் மிஞ்சினார்கள். அண்ணன் தினமும் காலை வணக்கம் போட்டார். கேன்காரர் மட்டும் விடாமல் பதில் வணக்கம் போட்டார்.

டீச்சரின் ஞாயிறுகள் மாறின. குழந்தை குப்புற விழுந்ததைத் தொட்டிப் படியில் உட்கார்ந்து பார்த்தாள். இந்தப் பக்கம் 'முடியாது' முதன்முறையாகப் பலகைக்கு வந்து ஒரு பின்னக் கணக்கை முழுதாகப் போட்டாள், போட்டுவிட்டு, "இது சுலபம். அதனாலதான் முடிஞ்சுது" என்று முறைத்தாள். அதை டீச்சர் அன்றைக்கே குரூப்பில் சொன்னாள். வருடக் கடைசி வந்தது. அந்தப் பள்ளியிலிருந்து கணக்குத் தேர்வில் இத்தனை பேர் தேறியது அதுவரை நடந்ததில்லை என்று தலைமையாசிரியை சொன்னாள். பிறகு சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே, "இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா?" என்று கேட்டாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும்.

சரி என்று சொல்ல டீச்சர் யோசிக்கவில்லை. அதை வீட்டில் சொல்லத்தான் யோசித்தாள்.

அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. அண்ணன் மகளின் முகம் சுருங்கியது. "நாங்கதான் இப்ப பேசறோமே அத்தை! அப்பவும் வர மாட்டீங்களா?"

இது அண்ணனின் உத்தரவைவிடக் கஷ்டமாக இருந்தது. கத்துகிறவரிடம் திருப்பிக் கத்திவிடலாம். ஆசையாகக் கூப்பிடுகிறவளை என்ன செய்வது? மடியில் குழந்தை வேறு திரையைப் பிடிக்கக் கை நீட்டியது.

"கண்ணு, நீ என்கூடப் பேசறதுக்கு விலை நான் திரும்பி வர்றதா? அப்படின்னா உங்கப்பா போட்ட ஆர்டரையே நீயும் போடறே, கொஞ்சம் சர்க்கரை தடவி. லீவுக்கு வருவேன். குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டே இருப்பேன். லீவு முடிஞ்சா கிளம்பிடுவேன். எனக்கு இங்க வேலை இருக்கு."

அண்ணன் மகள் படக்கென்று போனை வைத்துவிட்டாள். டீச்சர் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் இறங்கவும் கால் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. 'கோபமாத்தான் இருக்கேன். ஆனா பேசுவேன்.' டீச்சர் அதைப் படித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றாள். "ஆபீஸ் போன்ல உங்களுக்கு ஒருத்தர். என்ன சொல்றார்னு ஒரு வார்த்தை புரியல. ஆனா ரொம்பக் கோபமா இருக்கார்னு மட்டும் நல்லாப் புரியுது."

டீச்சர் சாக்பீஸ் கையோடு ஓடினாள்.

"எத்தனை தடவைதான் கூப்பிடறது? போனை எடுக்கவே மாட்டியா நீ?" என்று வெடித்தது அண்ணன் குரல்.

டீச்சர் ஒரு கணம் ரிசீவரையே பார்த்தாள். "அண்ணா, இதை யாரு யாரைக் கேக்கறது?"

அண்ணன் கனைத்துக்கொண்டார். பிறகு, "தொண்டு நிறுவனத்துக்குப் போன் பண்ணி, அவங்க வேற ஒருத்தர்கிட்ட மாத்தி, அவங்க இந்த நம்பரைக் குடுத்து... ரெண்டாவது வருஷமாமே? யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?"

"யாரையும் கேக்கல."

"திமிரு."

"ஆமா."

அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது. வயது ஏறியிருந்தது அந்த மூச்சில். டீச்சர் காத்திருந்தாள். அவருக்காக வார்த்தை எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வீட்டுல எல்லாரும் உன்கூடப் பேசறாங்க. சிரிக்கறாங்க. நான் வந்தா நிறுத்திடறாங்க" என்றார்.

"உன்னைப் பேசக்கூடாதுன்னு யாரும் ஆர்டர் போடலையே."

"இவ்வளவு நாள் கழிச்சு நான் என்னத்தைப் பேசறது?"

"திட்டு. அதுல உனக்குப் பழக்கம் இருக்கு."

அண்ணன் திட்டினார். குடும்பம், பெரியவர்கள், ஊர், உறவு, வயசான காலம் என்று மூச்சு விடாமல் திட்டினார். நடுவில் "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒன்று வந்து, அதையும் திட்டும் குரலிலேயே கேட்டுவிட்டு, பதில் வரும் முன்பே மறுபடி திட்டப் போய்விட்டார். தலைமையாசிரியை கதவோரம் நின்று, உதவி வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று டீச்சர் தலையாட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, உதடு சிரித்தது. வகுப்பிலிருந்து கூச்சல் பிளைவுட்டைத் தாண்டி வந்தது.

"அண்ணா, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. நான் போகணும்."

"நான் இன்னும் முடிக்கல."

"முடிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன். மிச்சத்தை அப்பத் திட்டு. ஆனா ஒண்ணு, திரும்பி வான்னு மட்டும் சொல்லாதே. சொன்னா வச்சுடுவேன்."

அந்தப் பக்கம் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு?" என்றார் அண்ணன்.

"நான் கூப்பிடறப்ப எடு" என்று சொல்லிவிட்டு டீச்சர் ரிசீவரை வைத்தாள்.

அந்த ஞாயிறு முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதே என்று அவளை அதட்டிவிட்டு, தான் சத்தமாகத் திட்டினார்.